முந்திப் புறப்பட்ட பை

வெள்ளிக்கிழமை விமானம் சரியாக ராகு காலத்தில்தான் கிளம்புகிறது என்பது வியாழக்கிழமை மத்தியானம்தான் வீரமுத்துவுக்கு உறைத்தது.

சிங்கப்பூரை அடுத்த கூலாயில் மளிகைக்கடை வைத்திருக்கும் அவருக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. வந்த சம்பந்தமெல்லாம் கைநழுவிப் போயின. இப்போது கோலாலம்பூரில் தங்கராஜு என்ற ரயில்வேக்காரர், ஆளைப் பார்க்காமலே, மகள் சந்திரமதியைத் தர இசைந்திருந்தார். வெள்ளிக்கிழமையே தட்டு மாற்றலாம். ஆனால் ராகு காலத்தில் கிளம்பும் ரயிலிலோ விமானத்திலோ வந்தவர் தம் வாசல்படி ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ரயிலில் போயிருந்தால் வம்பே இல்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "சிங்கப்பூர்லேர்ந்து கோலாலம்பூரு இருநூறு மைலு. ரயிலு விடிய விடிய ஓடும். பிளேன்ல ரெண்டு மணி நேரங்கூட ஆகாது லா" என்று அளந்துவிட்டு டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. இனி ரயிலேறினால் ஊரே சிரிக்கும்.

"கொஞ்சம் முன்னாடியே எடுக்கச் சொல்லுங்களேன் அண்ணே" என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பாயி.

"அது என்ன நம்ம மாட்டு வண்டியா?"

அப்போதுதான் பரஸ்தானம் ஞாபகம் வந்தது. நல்ல நேரத்தில் பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். பரிசச் சேலையும் மோதிரமும் இருந்த பையை அன்று சாயங்காலமே கருப்பாயி வீட்டில் வைத்தார்.

"பை புறப்பட்டாச்சு. இனிமே என் வீட்டுக்குத் திரும்பக்கூடாது."

மறுநாள் காலையில் போய்க் கேட்டால் பையைக் காணோம்.

"புறப்பட்ட பை ராத்தங்கினா தடங்கல் இல்லையா? என் தம்பி மூர்த்தி வேலை தேடி கோலாலம்பூரு போனான். அவன்கிட்ட குடுத்து நேத்தே ரயிலேத்திட்டேன். பொண்ணு வீட்டுல குடுத்துடுவான்."

"அலமாக், கெட்டுது போ. அவங்ககிட்ட என்ன சொல்லச் சொன்ன?"

"மாப்பிள்ளை பின்னாடி பிளேன்ல வர்றாருன்னு."

"எந்த நேரத்துப் பிளேன்னு சொல்லமாட்டானே?"

"கேட்டா சொல்லுவான். நல்ல காரியத்துல பொய் சொல்லலாமா அண்ணே?"

நேரில் போய்ப் பரஸ்தானத்தை விளக்கினால் மாமனார் ஒத்துக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வீரமுத்து வாடகைக் கார் பிடித்துச் சிங்கப்பூருக்குப் பறந்தார். சின்ன விமானம் என்பதால் விமான நிலையத்தில் ஆளையும் நிறுத்தி எடை பார்த்தார்கள். "பை எங்கே?" என்று கேட்டார்கள்.

"அது நேத்தே கிளம்பிடுச்சு" என்றார். எடை பார்த்தவன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கோலாலம்பூருக்கு மேலே நல்ல மழை. இறங்க வழியில்லாமல் விமானம் வட்டமடித்தது. வீரமுத்துவின் வயிறும் கூடவே வட்டமடித்தது. புதுச் சட்டை பாழாயிற்று.

ஒருவழியாகத் தங்கராஜு வீட்டை அடைந்தபோது, சாப்பிட்ட இலைகளை வெளியே போட்டுக்கொண்டிருந்தாள் சமையல்கார அங்கம்மா. உள்ளே, அவர் வாங்கிய சேலையில் சந்திரமதி. பக்கத்தில் மாலையோடு மூர்த்தி நெளிந்துகொண்டிருந்தான். அவன் விரலில் அவருடைய மோதிரம்.

"நான்தாம்மா மாப்பிள்ளை. கூலாய் வீரமுத்து. தட்டு மாத்த வந்திருக்கேன்."

அங்கம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அந்தத் தம்பியும் நான் வெறும் பை கொண்டாந்தவன்னு எவ்வளவோ சொல்லுச்சுங்க. அந்தப் பையோட நல்ல நேரத்துல கிளம்புனது யாரோ, அவருதான் மாப்பிள்ளைன்னு எங்கய்யா தட்டை மாத்திட்டாரு."