மாயாண்டியின் மீட்டர் முள்

ஆயுத பூஜையன்று, கழுவித் துடைத்து விபூதி பூசி நிறுத்திய மோட்டார் சைக்கிளுக்கு முன்னால், எரிகிற சூடத்தின் மேல் கையை வைத்து மாயாண்டி சத்தியம் செய்தார்.

"மலர்விழி பின்னால உட்கார்ந்திருக்கும்போது மீட்டர் முள்ளு ஐம்பதைத் தாண்டாது. தாண்டினா மோட்டார் சாவி அவளுக்கே."

சத்தியத்தின் வாசகம் மனைவி மலர்விழியுடையது. கை மட்டும்தான் மாயாண்டியுடையது. அதற்கு முந்தின வாரம் ஒரு வளைவில் அவர் காட்டிய வேகத்தில், மலர்விழி புதுச் சேலையோடு சாலையோர லோங்காங் சாக்கடையில் விழுந்து, சேற்றோடு எழுந்து வந்திருந்தாள்.

வாரம் முழுக்க சுங்கை ஊடாங் ஆலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிற மனிதருக்கு, மோட்டார் ஓட்டக் கிடைப்பதே சனி, ஞாயிறுதான். அதிலும் ஐம்பது என்றால் அது என்ன வாழ்க்கை? ஜாசினிலிருந்து சுங்கை ரம்பாய் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி அவரை முந்திற்று. ஓட்டை மோட்டாரில் வந்த ஒரு கிழவர் முந்தினார். முந்தியதோடு விடாமல் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, மோட்டார் ரோசாக் ஆயிருச்சா, ஓட மாட்டேங்குதா?" என்று விசாரித்ததைத்தான் மாயாண்டியால் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே மோட்டார் கடை புவனேஷிடம் போய் நின்றார்.

"முள்ளைப் பிடுங்கி இருபது கீழே இறக்கி வச்சிடு தம்பி. எழுபதுல போனா ஐம்பது காட்டணும்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"சத்தியம் முள்ளு மேலதானே? முள்ளு தாண்டாது லா!"

புவனேஷ் கண்ணாடியைக் கழற்றி முள்ளை இறக்கினான். அடுத்த வாரம் மாயாண்டி பறந்தார். லாரி பின்னால் போயிற்று. முள் ஐம்பதில் நல்ல பிள்ளையாக நின்றது.

வேகம் இருபதைத் தாண்டும்வரை முள் எழவே எழாது என்கிற சின்னச் சிக்கலை அவர் யோசிக்கவில்லை. மலர்விழி யோசித்தாள்.

"என்னங்க, வீட்டுல இருந்து மளிகைக் கடை வரைக்கும் வந்துட்டோம். முள்ளு இன்னும் சைபர்லயே படுத்திருக்கு?"

"அது... காலைக் குளிரு. மீட்டர் சூடாகணும்."

"நேத்து பாசாருக்குக் காய் வாங்கப் போனது மத்தியானமாச்சே. அப்பவும் படுத்துத்தான் இருந்துச்சு."

"அப்ப கேபிளா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் பரிசோதனை. தானே செய்த கோளாறைத் தானே தேடும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. மலர்விழி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க, மாயாண்டி கேபிளைக் கழற்றினார். எண்ணெய் விட்டார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். உள்ளே இருந்த பல்சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்து, டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார்.

"ஒரு குறையும் இல்ல. மீட்டர் தங்கம்."

"நிச்சயமா?"

"இந்த மீட்டர் சொல்றதைக் கண்ணை மூடிட்டு நம்பலாம்."

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று உள்ளே போய்விட்டாள். மனைவி இத்தனை சுலபமாக நம்பினால் புருஷன் பயப்பட வேண்டும். மாயாண்டி பயப்படவில்லை. முறுக்குத் தின்றார்.

அடுத்த ஞாயிறு காலை, மலர்விழி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான் ஓட்டுறேன். லைசன்ஸ் எடுத்தது அலமாரியில வைக்கவா? மீட்டர்தான் தங்கமாச்சே, ஏறுங்க."

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே சாலை நீண்டு கிடந்தது. மாயாண்டி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். முள் ஐம்பது. மனசுக்குள் இருபதைக் கூட்டினார். எழுபது! எழுபதில் இவளா? மரங்களெல்லாம் அவரைக் குறி வைத்தே ஓடி வந்தன.

"மெதுவா போ, மலரு!"

"ஐம்பதுதானேங்க?"

"ஐம்பதுதான்... இருந்தாலும்..."

"கண்ணை மூடிட்டு நம்பச் சொன்னீங்களே!"

முன்னால் ஒரு வளைவு வந்தது. முருகன், மாரியம்மன், முனீஸ்வரர் எல்லாரும் மாயாண்டிக்கு ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தார்கள்.

"ஐயோ, பிரேக்கைப் பிடி! முள்ளு பொய் சொல்லுது! புவனேஷை வச்சு நான்தான் இறக்கினேன்! இருபது கூட்டிக்கணும், தாயே!"

மலர்விழி நிதானமாக வளைவைத் திரும்பி ஓரம் கட்டினாள். இன்ஜினை நிறுத்திச் சாவியை உருவினாள்.

"அப்ப சாவி இனிமே எனக்கு."

"முள்ளு தாண்டலையே?"

"சூடத்து மேல கை வச்சது முள்ளா, நீங்களா?"

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "சரி, வச்சுக்கோ. எழுபதுல அந்த வளைவைத் திரும்பி உயிரோட வந்ததே போதும்."

"எழுபதா? நீங்க வேலைக்குப் போனப்பவே புவனேஷைக் கூப்பிட்டு முள்ளைச் சரியா வச்சாச்சு. நாம வந்தது நெசமாவே ஐம்பதுதாங்க."