பின்னால் மட்டும் போன காரும் காலியாக இருந்த மடியும்

கூலாய்,
திங்கட்கிழமை காலை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை வசந்தன் அவர்களுக்கு,

கூலாயிலிருந்து உங்கள் மச்சான் கனகராஜ் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி செல்வராணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்கு என்ன என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கு நீங்களும், என் தங்கை சுகந்தினியும், குழந்தை மகிழினியும், உங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் வெளியேறிவிட்டேன். உங்களுக்குத் தனியாக அனுப்பவும் மானம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே தாளும் பேனாவும்.

பதினொரு வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி என் தங்கை பெற்ற பிள்ளை மகிழினி. அவளுக்குத் தாய்மாமன் என்று இந்த உலகத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். மூன்று வயதில் அவளுக்குக் காது குத்து என்றால், அவள் உட்கார வேண்டியது என் மடியில். அதற்காக ஒரு மாதமாக ஐந்து கிலோ அரிசிப் பையை மடியில் வைத்துப் பழகினேன். செல்வராணி பையைப் பிடித்து ஆட்டுவாள், நான் நழுவாமல் பிடித்துக்கொள்வேன். தோடும் நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். இப்போது நிலைமை என்ன? தோடு கூலாயில் என் சட்டைப் பையில் இருக்கிறது. காது உங்கள் ஊர் சிகாமட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் இருக்கிறீர்கள், மாப்பிள்ளை.

என் கார் பன்னிரண்டு வருடமாக ஓடுகிற ஆட்டோ கியர் கார். சென்ற மாதம் கியர் மாறும்போது லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. அதை உங்களிடம் சொன்னதுதான் நான் செய்த ஒரே தப்பு. "கியர் ஆயில் மாத்தணும் மச்சான், அவ்வளவுதான். மெக்கானிக் பெங்கேல்ல குடுத்தா ரெண்டு நாள் வெச்சிக்குவான் லா. நாமளே செஞ்சிடலாம், முப்பது நிமிஷ வேலை" என்று சொல்லி ஒரு வீடியோவையும் அனுப்பி வைத்தீர்கள். கண்ணாடி விற்கிறவருக்குக் கியர் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். வீட்டு மாப்பிள்ளை சொல்கிறாரே என்று மரியாதைக்குத் தலையாட்டினேன். மரியாதை என்னைக் காரின் அடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

சனிக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் பூசை போடாமல் எந்த ஆயுதமும் வண்டியைத் தொடாது என்பது உங்களுக்குத் தெரியும். வீடியோவில் முதலில் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். ஸ்பேனர், சுத்தியல், புனல், அந்தக் கம்பி எல்லாவற்றையும் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கினேன். செல்வராணி சூடம் காட்டினாள். முனீஸ்வரா, போல்ட் சுலபமாகக் கழன்று வர வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கழன்றது. பழைய ஆயில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக வடிந்தது. நீங்கள் சொன்னபடி புது ஆயில் நான்கு போத்தல் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு போத்தல் ஊற்றிவிட்டுக் கம்பியை விட்டு எடுத்துப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டில் செக்கச் செவேலென்று நிற்கிறது! கியர் ஆயில் சிவப்பாகத்தான் இருக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். நிரம்பிவிட்டது என்று மூடினேன். மிச்சம் இரண்டு போத்தலை உங்களிடம் சொல்லவில்லை என்பது உண்மைதான். நீங்கள் கேட்கவில்லை.

காது குத்து நாளான ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நான் பட்டு வேட்டி, செல்வராணி பட்டுப் புடவை, மடியில் சீர்த்தட்டு. காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பின்னால் எடுத்தேன். கார் பூப்போல வந்தது. ரோட்டுக்கு வந்து முன்னால் போக டி-யில் போட்டேன். எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி உறுமியது, கார் ஓர் அங்குலம் நகரவில்லை. மறுபடி பின்னால் போட்டால் போகிறது. முன்னால் போட்டால் உறுமுகிறது. ரோட்டின் குறுக்கே காரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது? கழுத்தைத் திருப்பிக்கொண்டு எங்கள் குடியிருப்புத் தாமான் முழுவதையும் பின்னாலேயே ஒரு சுற்று சுற்றி, மாலையும் பொட்டுமாக வீட்டுக்குத் திரும்பி வந்தேன். எதிர்வீட்டு ராஜம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அலமாக், என்னா தம்பி, சிகாமட்டுக்குப் பின்னாலேயே போறீங்களா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, நான் பதினெட்டு வருடம் செனாய் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்தவன். என்னை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன். அப்போதே நீங்கள், "மச்சான், காரை விட்டுட்டு டாக்சி பிடிச்சு வாங்க" என்று சொல்லியிருந்தால் நான் எட்டரைக்கெல்லாம் சிகாமட்டில் இருந்திருப்பேன். சொன்னீர்களா? "சின்ன விஷயமாத்தான் இருக்கும், ஆயில் லெவல் பாருங்க" என்றீர்கள். பார்த்தேன், நிறைந்திருக்கிறது. "எஞ்சின ஓட விட்டுப் பாருங்க" என்றீர்கள். அப்போதும் அதே அளவு. "அணைச்சிட்டுப் பாருங்க" என்றீர்கள். அதே அளவு. "தொடச்சிட்டுப் பாருங்க" என்றீர்கள், துடைத்தேன், துடைத்தாலும் அதே அளவு! நல்ல ஆயில் என்றால் இப்படித்தான் ஒட்டும் என்று நான் சொன்னேன், நீங்களும் ஆமாம் என்றீர்கள். பிறகு ஃபியூஸைப் பார்க்கச் சொன்னீர்கள், பேட்டரி வயரைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டச் சொன்னீர்கள், கியர் மாற்றும் லிவரை எல்லா இடத்துக்கும் ஐந்து தடவை தள்ளி இழுக்கச் சொன்னீர்கள். பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் படுத்து ஒயர் எங்கேயாவது தொங்குகிறதா என்றும் பார்க்கச் சொன்னீர்கள். அந்த வேட்டியைச் செல்வராணி இப்போது தரை துடைக்கப் போட்டுவிட்டாள். கடைசியில் ஒன்பது மணிக்கு, "கியர் பாக்ஸ் போச்சு போல மச்சான்" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். கியர் பெட்டி போனது ஒரு பக்கம், நேரம் போனதே!

பத்தரை மணிக்கு மெக்கானிக் ஆ செங் அரைக்கால் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். கம்பியை உருவினான். துணியால் துடைத்தான். சிவப்பு போகவில்லை. நகத்தால் சுரண்டினான், தூளாக உதிர்ந்தது. மூக்கில் வைத்து மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். "அங்கிள், இனி புக்கான் மிஞ்ஞாக் லா. இனி செம்பாயாங் புஞா" என்றான் மலாயில். அதாவது இது எண்ணெய் இல்லையாம், சாமி கும்பிடுகிற சமாச்சாரமாம். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தபோது, செல்வராணி செய்தித்தாளில் இருந்த எல்லா ஆயுதத்துக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறாள். கம்பிக்கு வைத்த பொட்டு, அளந்து வைத்த மாதிரி சரியாக மேல் கோட்டில். ஒரு மணி நேர வெயிலில் அது காய்ந்து கல்லாகியிருக்கிறது. உள்ளே ஆயில் பாதிகூட இல்லை. ஆ செங் மிச்சம் இரண்டு போத்தலையும் ஊற்றினான். கார் முன்னால் போனது. இதில் செல்வராணி மேல் ஒரு தப்பும் கிடையாது. அவள் இப்போது என் தோள் பக்கம் நின்று இந்தக் கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

கார் முன்னால் போன அதே நேரத்தில்தான் குழுவில் நீங்கள் போட்ட படம் வந்தது. என் மகிழினி, தலையில் சந்தனத்தோடு, யார் மடியில்? உங்கள் பக்கத்து வீட்டு ரூபேந்திரன் மடியில்! அவர் யார் மாப்பிள்ளை? எங்கள் வீட்டில் பெண் கொடுத்தாரா, எடுத்தாரா? கோழி வளர்க்கிறார், நல்ல மனிதர், இருக்கட்டும். அதற்காகத் தாய்மாமன் ஆகிவிட முடியுமா? "நல்ல நேரம் போயிடும்னு உட்கார வெச்சோம் மச்சான்" என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். அதற்கு ரூபேந்திரன் கட்டை விரலைக் காட்டியிருந்தார். நான் சீர்த்தட்டை அப்படியே காருக்குள் வைத்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அந்தப் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் உங்களுக்கு முன்னால் ஓடி வந்தவன் நான்.

ஆகவே இனி என் காரைப் பற்றியோ, வேறு எந்த இயந்திரத்தைப் பற்றியோ நீங்கள் எனக்கு ஆலோசனை சொல்ல வேண்டாம். வரும் தீபாவளிக்கு நாங்கள் சிகாமட் வருவதாகவும் இல்லை. தோட்டைப் பார்சலில் அனுப்பிவிடுகிறேன், ரூபேந்திரன் கையால் மாட்டிவிடட்டும்.

சுகந்தினிக்கு என் ஆசிகள். குழந்தைக்கு முத்தங்கள், இரண்டு கன்னத்திலும். எல்லோருக்கும் முனீஸ்வரர் துணை நிற்கட்டும், உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
மடி இருந்தும் பயனில்லாத
கனகராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால் தலையும் வைத்த பிறகு சுகந்தினி போன் செய்தாள். ஓரமாகப் பிரித்து இதை எழுதுகிறேன். குத்தியது ஒரு காதுதானாமே! வலது காதில் ஊசி பட்டதும் பிள்ளை ரூபேந்திரன் கையைக் கடித்து, மடியிலிருந்து குதித்து, கோயிலை மூன்று சுற்று ஓடிவிட்டாளாம். "மாமா மடிதான் வேணும்" என்று கத்தினாளாம். படத்தில் நீங்கள் ஒரு பக்கத்தைத்தான் காட்டினீர்கள், மாப்பிள்ளை. "இன்னொரு காது உனக்குன்னுதான் இருக்கு, புதன்கிழமை வந்துடுண்ணே" என்று தங்கை சொன்னாள். போனைச் செல்வராணியிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் தோடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். மேலே எழுதியதில் குழந்தைக்குக் கொடுத்த முத்தங்கள் தவிர மற்ற எல்லாவற்றையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன ஆயில் அருமையான ஆயில், குலுக்கலே இல்லை. ரூபேந்திரனிடம் கடி ஆறிவிட்டதா என்று நான் விசாரித்ததாகச் சொல்லவும். புதன்கிழமை விடியற்காலையே கிளம்பி வருகிறோம். தபால் எப்படியும் வியாழனுக்கு மேல்தான் வரும், அதுவரை நான் அங்கேதான் இருப்பேன். தபால்காரர் இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தால், தயவுசெய்து பிரிக்காமல் என்னிடம் கொடுத்துவிடவும்.