தோணிக்குத் தண்ணீர் ஊற்றாதவன் மாமாவுக்கு எழுதுவது

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கிறீர்கள் என்று அத்தை எழுதியிருந்தார். சந்தோஷம். நான் சுகம், என் பொறுப்பில் இருக்கும் உங்கள் ஏரிக்கரை மியூசியமும் சுகம் என்று பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பாதி உண்மை.

நீங்கள் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "தோணிக்கு தினம் ரெண்டு வாளி ஏரித்தண்ணி. ஏன்னு கேக்காதே." மாமா, நான் குளிர்சாதனத் தொழில் படித்தவன். ஏன் என்று கேட்டுக் கேட்டே மூன்று வருஷம் பரீட்சை எழுதினவன். ஒற்றை மரத்தில் குடைந்த நூறு வருஷத்துத் தோணியைக் கூரைக்குள் வைத்துத் தினமும் குளிப்பாட்டினால் அழுகாமல் என்ன செய்யும், மனுஷனுக்கு விவரம் பத்தாது என்று (அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்) வாளியைக் கவிழ்த்து வைத்தேன். கொண்டுவந்திருந்த ஈரம் உறிஞ்சும் மெஷினைத் தோணி பக்கத்தில் வைத்து, ஜெனரேட்டரை ஓட்டி, ஜன்னல் இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைத்தேன். ஈரப்பதம் எண்பத்தெட்டிலிருந்து நாற்பத்திரண்டுக்கு இறங்கியது. அதை வரைபடமாகப் போட்டு, காட்சிக்கு வைத்திருக்கும் பழைய போஸ்ட்மேனின் துடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியும் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், அந்த வாரத்து மொத்தக் கூட்டமான ரெண்டு பேர் உள்ளே இருக்கும்போது, டப் என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய்விட்டது என்று ஓடினேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. தோணிதான் முனையிலிருந்து நடு வரைக்கும் பிளந்திருந்தது. ரெண்டு விரல் நுழையும், நுழைத்துப் பார்த்தேன். ஈரப்பத மீட்டர் நாற்பத்திரண்டிலேயே நின்றது. மீட்டர் சரி, அப்போ தோணிதான் தப்பு என்று அரைமணி நேரம் யோசித்தேன், என் படிப்பு அந்த லட்சணம்.

சாயங்காலம் நம் துறையின் படகுக்காரர் வந்தார். இது அவருடைய தாத்தா குடும்பத்தோடு ஏரியைக் கடந்து வந்த தோணி என்பதும், காயவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொல்லித்தான் உங்களிடம் கொடுத்தார் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"யாரு தம்பி தண்ணி ஊத்தறது?"

"யாரும் ஊத்தலைங்க. காத்துல ஈரம் ஜாஸ்தி. அதை எடுத்தேன்."

மெஷின் தொட்டியில் தளும்பிய தண்ணீரைப் பார்த்தார். "காத்துல இருந்தா எடுத்தே?"

ஒன்பது நாளும் அந்தத் தொட்டியை நான்தான் பெருமையாகத் தூக்கிப்போய் வெளியே கொட்டினேன், மாமா.

மறுநாள் காலையில் தன் மருமகன்கள் ரெண்டு பேரோடு வந்து தோணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். தரையில் தோணி வடிவத்தில் ஒரு வெளிறிய இடம் மட்டும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அதை மிதிக்காமல் சுற்றித்தான் நடக்கிறார்கள். நானும்தான். முப்பது வருஷமாக நீங்கள் பார்த்துக்கொண்டதை ஒன்பதே நாளில் ஒழித்துவிட்டேன். உங்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நீங்கள் திட்டி எழுதினால் தாங்கிக்கொள்வேன், ஒன்றும் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். சாவியைப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமைப் படகில் கிளம்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். டாக்டர் சொல்வதை ஏன் என்று கேட்காமல் செய்யுங்கள். நான் கேட்டுப் பட்டது போதும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்

பி.கு.: கடிதத்தைப் படகுக்காரரிடம் கொடுக்கத் துறைக்குப் போனேன். தோணி அங்கே இடுப்பளவுத் தண்ணீரில், கல்லேற்றி அமுக்கிக் கிடக்கிறது. விரிசலில் இப்போது ஒரு விரல்தான் நுழைகிறது.

"திருப்பி எடுத்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன்."

"ஊறப் போட்டிருக்கேன்யா. ரெண்டு மாசத்துல மூடிக்கும். போன தடவை மூடிக்கலையா?"

"போன தடவையா?"

"உங்க மாமா பட்டணத்துல இருந்து ஹீட்டர் வாங்கிட்டு வந்து வச்சாரே, அந்தத் தடவை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கினாரு."

மாமா, மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதியைத் தோணியிடம் நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமைப் படகில் நான் ஏறப்போவதில்லை. அந்த ஹீட்டரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் எழுதவும். தோணி வரும்வரை அந்தக் காலி இடத்தில் என் மெஷினுக்குப் பக்கத்தில் அதையும் காட்சிக்கு வைத்துவிடுகிறேன்.