குவாக்கன்போல் வரைபடத்தில் நான்கு புள்ளிகள் தவறு

லூட்கன்லோ,
செப்டம்பர் 29, 2003.

பெருமதிப்பிற்குரிய மாவட்டச் செய்தித்தாள் ஆசிரியர் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற கூரை ஓட்டுக்காரன் ஏவால்ட் குவாக்கன்போல், வயது 76, வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் எந்தக் குறையுமின்றி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தங்கள் அச்சு இயந்திரத்தின் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. அது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆகஸ்ட் 9ஆம் தேதிப் பதிப்பின் ஏழாம் பக்கத்தில் என்னுடைய முப்பத்தொரு வருட உழைப்பின் மேல் ஏறி ஓடியிருக்கிறது. என் நலம் பற்றிச் சொல்வதானால், இடது கணுக்காலில் இன்னும் வீக்கம் இருக்கிறது. அதற்கும் தங்கள் பத்திரிகையே பொறுப்பு.

‘உங்கள் பெயரின் ஊர் எது?’ என்ற தங்கள் சனிக்கிழமைப் பகுதியில் முனைவர் ரோஸ்விதா ஹாகடோர்ன் என்ற அம்மையார் எங்கள் குடும்பப் பெயரைப் பற்றி எழுதியிருந்தார். ஜெர்மனி முழுவதிலும் தொலைபேசிப் புத்தகங்களைப் புரட்டினால் குவாக்கன்போல் என்ற பெயரில் பத்தொன்பது பதிவுகள்தான் இருக்கின்றனவாம். அதில் குரோட்டன்லோவில் மட்டும் ஐந்து. லூட்கன்லோவில் ஒன்று. பெயர் எங்கே அடர்த்தியாக இருக்கிறதோ அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்பதால் குரோட்டன்லோவே பூர்வீகம், தவளை கத்தும் குட்டை என்பது பொருள், வணக்கம், அடுத்த வாரம் வேறொரு பெயர். கூடவே ஒரு வரைபடம். குரோட்டன்லோவில் ஐந்து புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒட்டி மை கொட்டியது போல் இருக்கின்றன. லூட்கன்லோவில் இருந்த ஒற்றைப் புள்ளியை ஈ எச்சம் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

ஐயா, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாரத்தில் ஆறு நாள் கூரையில் இருந்துவிட்டு ஏழாம் நாள் பூதக்கண்ணாடியோடு திருச்சபைப் பதிவேடுகளின் முன்னால் உட்கார்ந்து, கோழி கிளறியது போன்ற அந்தப் பழைய எழுத்தை யாரும் சொல்லித்தராமல் நானே கற்றுக்கொண்டேன். 1712இல் டிர்க் குவாக்கன்போல் என்பவர் லூட்கன்லோவில் தன் மகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்திருக்கிறார். அவர் முதல் நான் வரை ஒரு கண்ணி விடாமல் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் எங்கள் ஊர் மன்றம் ஊர் எல்லையில் ‘குவாக்கன்போல் பெயரின் பூர்வீகம்’ என்று பலகை வைக்கச் சம்மதித்திருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். எனக்குப் பிறகு இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்ல அந்தப் பலகை ஒன்றுதான் மிஞ்சும். தங்கள் ஏழாம் பக்கம் வெளிவந்த அன்றே, மன்றத் தலைவரும் மதுக்கடைக்காரரும் நாற்பது வருடமாக என்னோடு சீட்டாடி இன்னும் ஒழுங்காகக் கலைக்கத் தெரியாதவருமான ஃபோக்கோ என்ன சொன்னார் தெரியுமா?

“ஏவால்ட், பலகைய வீணாக்க வேணாம்பா. ‘குரோட்டன்லோவுக்கு இப்படிப் போகவும்’னு ஒரு அம்புக்குறி போட்டு வெச்சுருவோம்.”

மேசையே குலுங்கிச் சிரித்தது. மன்றம் அக்டோபர் 14ஆம் தேதி கூடி முடிவெடுக்கும் என்றும், அதற்குள் பத்திரிகையில் திருத்தம் வந்தால் பலகை உண்டு, வராவிட்டால் இல்லை என்றும் ஃபோக்கோ சொல்லிவிட்டார்.

நான் முனைவர் அம்மையாருக்குத் தொலைபேசியில் பேசினேன். மிகவும் பொறுமையாகத்தான் பேசினார். உங்கள் வீட்டில் எத்தனை இணைப்பு என்று கேட்டார். ஒன்று என்றேன். அப்படியானால் ஒரு புள்ளிதான் ஐயா என்றார். குரோட்டன்லோவுக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். போகத் தேவையில்லை, புத்தகம் இருக்கிறது என்றார். தெருவில் நின்றபடி கூரையைப் பார்த்து ஓட்டின் கணக்குச் சொல்கிறவனை நாங்கள் எங்கள் தொழிலில் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகையால் ஆகஸ்ட் 14ஆம் தேதி சைக்கிளை எடுத்துக்கொண்டு, எதிர்காற்றில் பதினான்கு கிலோமீட்டர் மிதித்து, அந்த ஐந்து குவாக்கன்போல்களையும் நேரில் எண்ணிவிட்டு வரப் புறப்பட்டேன்.

புத்தகத்தில் ஐந்து பதிவுக்கும் ஒரே முகவரி. அது ஒரு பெரிய பண்ணை வீடு. வாசலில் ஓர் அம்மாள் கூடை நிறைய பிளம்ஸ் பழங்களை வைத்துக்கொண்டு கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் ஆல்வினா, வயது எழுபத்திரண்டு, விதவை. நான் தொப்பியைக் கழற்றிவிட்டு, இந்த வீட்டிலிருக்கும் ஐந்து குவாக்கன்போல்களையும் ஒரு நிமிடம் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவேயில்லை.

“பாக்கலாமே. ரெண்டு பேரு கல்லறைத் தோட்டத்துல இருக்காங்க. ஒண்ணு மாட்டுத் தொழுவம். ஒருத்தன் உங்க கால்சட்டைய மோந்துக்கிட்டு இருக்கான். மிச்சம் இருக்கறது நான்.”

ஆசிரியர் அவர்களே, இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். ஒன்பது வருடங்களுக்கு முன்பு இறந்த கணவர் ஹின்ரிக். அவருக்கும் முன்னால் இறந்த மாமனார். மாடு கன்று போடும் நேரத்துக்கென்று தொழுவத்தில் ஓர் இணைப்பு. நான்காவது ஹாஸ்ஸோ குவாக்கன்போல், பழுப்பு நிறம், இடது காது மடிந்தது, நாய். தனியாக ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று புத்தகத்தைப் பார்த்து எவனும் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அந்த அம்மாள் செத்தவர்களை எடுக்காமலும் நாயைச் சேர்த்தும் வைத்திருக்கிறார். தொலைபேசி அலுவலகப் பெண் ஹாஸ்ஸோவின் தொழிலைக் கேட்டபோது காவல் என்று சொன்னாராம். இந்த ஹாஸ்ஸோவை எண்ணித்தான் எங்கள் ஊரின் பூர்வீகம் பறிபோயிருக்கிறது.

அப்போதே நான் சைக்கிளைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாள், எண்ணிக்கை கிடக்கட்டும், வயதைப் பாருங்கள் என்று தலைக்கு மேலே கையைக் காட்டினார். வைக்கோல் வண்டி நுழையும் பெரிய கதவின் மேல் உத்தரத்தில், இந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளில் எல்லாம் இருப்பது போல, வீடு கட்டியவர்களின் பெயர் செதுக்கியிருந்தது. கெர்ட் குவாக்கன்போல், மனைவி அன்னெக், 1671. என்னுடைய டிர்க்குக்கு நாற்பத்தொரு வருடம் மூத்தது. ஆறு என்பது ஒருகாலத்தில் எட்டாக இருந்து தேய்ந்திருக்கலாம் என்று நான் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படுவது ஆராய்ச்சியாளனின் கடமை. ஏணி கேட்டேன். கொடுத்தார். நாற்பத்து நான்கு வருடம் தேவாலயக் கோபுரம் முதல் பால் பண்ணை வரை ஏறி இறங்கி ஒரு நாள்கூட விழாத நான், அந்த வீட்டு ஏணியின் ஆறாம் படி உளுத்துப்போயிருந்ததால், பூதக்கண்ணாடியும் கையுமாக அவருடைய பிளம்ஸ் கூடைக்குள் விழுந்தேன். விழுவதற்கு முன் பார்த்துவிட்டேன். அது ஆறுதான்.

டாக்டர் வந்து கணுக்காலைக் கட்டி, பதினோரு நாள் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். என்னை மாமனாரின் அறையில் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் மாமனாரின் தொலைபேசி. இரண்டாம் நாள் அது அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்து “குவாக்கன்போல்” என்றேன். எதிர்ப்பக்கத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துப் பையன் எனக்கு நூற்று நான்காம் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, குரல் இளமையாக இருக்கிறதே என்று வியந்தான். நான் மறுக்கவில்லை. மறுநாள் குலுக்கல் சீட்டு விற்கும் பெண்மணி ஹாஸ்ஸோவைக் கூப்பிட்டார். அவர் அடுப்படியில் தூங்குகிறார், எழுந்ததும் குரைப்பார் என்று ஆல்வினா அம்மாள் பதில் சொன்னது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. இத்தனை வயதில் ஒரு மனிதன் தனியாகப் படுத்துக்கொண்டு கணுக்கால் அதிரச் சிரித்தால் அது உடம்புக்கு நல்லதில்லை. அதையும் தங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் பட்டாணி சூப்போடு விவாதம் தொடங்கியது. ரத்தம் ரத்தம் என்று நான் பேசப் பேச அவர் ரொட்டி வெட்டிக்கொண்டேயிருந்தார். பிறகு சொன்னார்.

“இங்க பேரு ஆளோடது இல்ல கூரைக்காரரே, வீட்டோடது. அந்தக் காலத்துல பண்ணைக்கு மாப்பிள்ளையா வர்றவன் தன் பேர வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வருவான், சேத்துச் செருப்பு மாதிரி. எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா ஷுல்டேன்னு ஒருத்தரு. அந்தாளுக்கும் இந்த உத்தரத்துக்கும் என்ன ரத்தம்? உள்ள வந்தாரு, குவாக்கன்போல் ஆயிட்டாரு.”

எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அது மற்றவர்களுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன். அப்படியானால் அசல் ரத்தம் லூட்கன்லோவில்தான் ஓடுகிறது என்று உடனே பிடித்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்ப் பெட்டியிலிருந்து ஒரு பழைய வீட்டுக் குறிப்பேட்டை எடுத்து வந்தார். அவரால் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. என்னால் முடியும். முடியாமல் இருந்திருக்கலாம். 1709ஆம் வருடம், இலையுதிர்காலம்: ‘பன்றி மேய்க்கும் டிர்க் சொல்லாமல் லூட்கன்லோவுக்குப் போய்விட்டான். அங்கே நம் வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். ஒரு வாளியையும் காணோம்.’

நான் உரக்கத்தான் படித்தேன். ஆராய்ச்சியாளன் பாதியில் நிறுத்தக் கூடாது. டிர்க் அந்த வீட்டின் இளைய மகனாக இருந்து, பன்றிகளின் மேல் உள்ள பிரியத்தால் மேய்த்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். ஆல்வினா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை.

“சரி, பேரு உங்ககிட்டயே இருக்கட்டும். வாளிய எப்பக் கொண்டு வர்றீங்க?”

கடன்பட்டவன் என்ற பெயரோடு நான் விவாதம் செய்வதில்லை. வீடு திரும்பிய எட்டாம் நாள் புது துத்தநாக வாளி ஒன்று வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மழை பெய்ததால் மாலை வரை இருந்தேன். அடுத்த முறை போனதற்குக் காரணம் ஏணி. இன்னொருவர் விழக் கூடாது என்று படியை மாற்றிக் கொடுத்தேன். ஏணியைச் சரிபார்க்க மேலே ஏறியபோது பதினான்கு ஓடுகள் நழுவியிருப்பது தெரிந்தது. தொழில் தெரிந்தவன் அதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போக முடியாது. ஒரு நாளைக்கு ஓர் ஓடு வீதம் நிதானமாகச் செய்து வருகிறேன். பிளம்ஸ் கேக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறேன். இதில் ஃபோக்கோவுக்கு என்ன வந்தது? சீட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், ஏவால்ட் பூர்வீகத்தை ஆராயப் போகிறானா, பூர்வீகமாகவே போகிறானா என்று கேட்கிறார். நான் அந்த ஆட்டத்தை ஜெயித்தேன்.

எனவே ஆசிரியர் அவர்கள் பின்வருமாறு திருத்தம் வெளியிட வேண்டும். குரோட்டன்லோவில் உயிருள்ள, மனித, குவாக்கன்போல் ஒருவரே. இரண்டு காலமானவர்கள், ஒரு தொழுவம், ஒரு நாய் ஆகிய நான்கு புள்ளிகளை நீக்க வேண்டும். லூட்கன்லோவிலும் ஒருவர். ஆக இரண்டு ஊரும் சமம். சமமாக இருக்கும்போது எழுத்து ஆதாரம் வைத்திருப்பவனுக்கே முன்னுரிமை. உத்தரத்தை நான் ஆதாரமாக ஏற்கவில்லை, அது மரம். வாளி விஷயத்தைப் பிரசுரிக்க வேண்டியதில்லை. திருத்தம் அக்டோபர் 14க்கு முன், அதே ஏழாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும். வராவிட்டால் என் சந்தாவை நிறுத்திவிட்டு ஃபோக்கோவின் கடையில் வந்து ஓசியில் படிப்பேன்.

தங்கள் துணைவியாருக்கும் அச்சுக்கோப்பவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். முனைவர் அம்மையார் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை என்றும், அவர் ஒரு சைக்கிள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் தெரிவிக்கவும். தாங்கள் எல்லோரும் ஒழுகாத கூரையின் கீழ் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

ஏவால்ட் குவாக்கன்போல்.

பின்குறிப்பு (அக்டோபர் 2): இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் முன் தகவல்களைச் சரிபார்ப்பதற்காக ஆல்வினாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “நாலு புள்ளிய அழிக்கச் சொல்றீங்க. அழிச்சிட்டா அந்தப் படத்துல நான் ஒத்தையா நிப்பேனே, பரவாயில்லையா?” என்றார். முப்பத்தொரு வருடமாக எந்தப் பதிவேடும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை. எனக்கு வாயில் கேக் இருந்தது. விழுங்கிவிட்டு, “பரவாயில்லை என்று சொல்ல முடியவில்லை” என்றேன். நேற்று திருமணப் பதிவு அலுவலகம் போனோம். யார் யாருடைய பெயரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நெருங்கிய உறவா என்று கேட்டார். பன்றி மேய்த்த டிர்க்கைப் பற்றிய குறிப்பேட்டுத் தாளை எடுத்துக் காட்டினேன். முதல் தடவையாக அது எனக்குச் சாதகமாக இருந்தது. நாள், அக்டோபர் 14, காலை பதினோரு மணி. மன்றக் கூட்டத்துக்கு நான் வர இயலாது என்று ஃபோக்கோவுக்குச் சொல்லிவிட்டேன். பலகையை அவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

ஆகையால் திருத்தம் வேண்டாம். குரோட்டன்லோவின் ஐந்து புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். லூட்கன்லோவில் இருப்பதை எடுத்துவிடவும். என் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்த ஐந்து எண்களில் எதை வேண்டுமானாலும் அழையுங்கள், நான்தான் எடுப்பேன்.