பொறுப்பு: கே. ராமநாதன், பி.இ.

நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் அல்ல. என் வாழ்நாளின் மிகப் பெரிய அவமானத்தைக்கூட நான்கு நாள் குறிப்பெடுத்து, ஐந்தாம் நாள் காலை 6.40க்குத்தான் செய்தேன். அந்த நாட்குறிப்பு இன்னும் இருக்கிறது. (மனைவி பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள், விருந்தாளிகள் வரும்போது வாசித்துக் காட்ட.)

ஏழு வருடங்களுக்கு முன், இலங்கையில் தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை கிடைத்து, திருச்சியிலிருந்து பதுளைக்குக் குடிவந்தோம். நான், மனைவி கல்யாணி, பத்து வயது மகள் யாழினி, பெட்டிகள் பதினொன்று. "அங்கேயும் தமிழ்தானே, பழகுறதுக்கு என்ன இருக்கு?" என்று உறவினர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வீடு ஒரு ஜவுளிக்கடைக்காரருடையது. கீழே அவர் குடும்பம், மாடியில் நாங்கள். ஊரே அவரை முதலாளி என்று அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைத்தோம். அவருடைய முன்னோர்களும் எங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். இருந்தும் என்னை வெளிநாட்டுக்காரனாகவே பார்த்தார். சட்டப்படி அது சரிதான்.

"இந்தியாவுல உங்கள யாருக்குத் தெரியும் தம்பி, எனக்குத் தெரியாது. நாலஞ்சு நாள் இருங்க, பாப்போம். வெள்ளிக்கிழமை நல்ல நாளு. அன்னைக்கு ஒப்பந்தத்துல கையெழுத்து வைக்கலாம்" என்றார்.

அந்த ஒப்பந்தத்தைக் காட்டினால்தான் யாழினியைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அதற்கும் அதே வெள்ளிக்கிழமை மதியம்தான் கடைசி. பள்ளி கிடைக்காவிட்டால் தாயும் மகளும் திருச்சிக்குத் திரும்பிவிட வேண்டும், நான் மட்டும் தனியே இருக்க வேண்டும் என்று வரும்போதே பேசி வைத்திருந்தோம். ஆகவே ஐந்து நாட்களுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாத குடித்தனக்காரனாக இருப்பது என்று முடிவு செய்தேன். குப்பையிலிருந்து தொடங்கினேன்.

திருச்சியில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். பாட்டுக் கேட்டதும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பதுளையில் முதல் காலை, மேட்டுச் சாலையிலிருந்து பொம்மை வாசிப்பதுபோல ஒரு மெட்டு இறங்கி வந்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். முதலாளி வீட்டுப் பலாமரத்தின் இலைகளுக்கு நடுவே, பின்னால் பச்சைப் பெட்டி பொருத்திய ஓர் ஆட்டோ தெரிந்தது.

"கல்யாணி, குப்பை வண்டி இங்கேயும் வருது!"

"யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்களேன்."

"கேட்டா, இவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைப்பாங்க. கவனிச்சாப் போதும்."

கவனித்தேன். நாட்குறிப்பிலிருந்து:

திங்கள், 6.40. இசை உண்டு. பெண்கள் பைகளுடன் ஓடுகிறார்கள்.

செவ்வாய், 6.41. பைகளுடனே திரும்புகிறார்கள். பையைக் காலி செய்து திருப்பித் தருகிறார்கள் போலும். நல்ல முறை.

புதன், 6.40. ஒரு பெரியவர் எதையோ முகர்ந்து பார்த்து வேண்டாம் என்றார். தரம் பிரிப்பதில் பொதுமக்களும் பங்கேற்கிறார்கள்!

வியாழக்கிழமை கல்யாணியும் ஜன்னலுக்கு வந்தாள். "ஏங்க, திரும்பி வர்றப்ப பை உப்பின மாதிரி இருக்கே?"

"காத்து" என்றேன்.

அன்று மாலை குப்பையைப் பிரித்தேன். வெங்காயத் தோல், கேரட் சீவல், மதியச் சமையலின் மீன் செதில், வால், குடல் எல்லாம் ஒரு கறுப்புப் பையில். மேலே மூன்று முடிச்சு. பிறகு, முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா, ஒரு தாளில் தெளிவாக எழுதி ஒட்டினேன்: 'மக்கும் குப்பை. வீட்டு எண் 14/2. பொறுப்பு: கே. ராமநாதன், பி.இ.'

வெள்ளிக்கிழமை காலை நல்ல பனிமூட்டம். கண்ணாடி மங்கிவிட்டது. ஐந்து நாள் குளிரில் மூக்கும் அடைத்திருந்தது. (மூக்கு மட்டும் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) வண்டி எங்கள் கேட்டுக்குச் சற்று மேலே நின்றிருந்தது. வண்டிக்காரர் எதிர்வீட்டுப் படியேறிப் போயிருந்தார். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே மங்கலாகத் தட்டுகள், ஐந்து அடுக்கு. திருச்சியில் இரண்டு வகையாகத்தான் பிரிப்போம், இங்கே ஐந்தா! மனதுக்குள் இந்த நாட்டுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, மூன்றாவது தட்டில், எழுத்து வெளியே தெரியும்படி பையை வைத்தேன். மாடிக்கு வந்து எழுதினேன்: '6.43. பணி நிறைவு.'

6.55க்கு அந்த மெட்டு திரும்பி வந்தது. திரும்பி வரும் வழக்கம் என் குறிப்பில் இல்லை.

கீழே இறங்கினேன். கேட் முன்னால் வண்டி. வண்டிக்காரர் முத்தையா, முதலாளியின் மனைவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். முத்தையா என் பையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ராமநாதன் பி.இ.ங்கிறது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. ஏன், பிரிச்சதுல ஏதாவது தப்பா?"

"பிரிச்சதெல்லாம் நல்லாத்தாங்க இருக்கு தொரை. பணிஸ் தட்டுல வச்சிருக்கீங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தேன். முதல் தட்டில் பாண், அதாவது நம் ஊர் பிரெட். இரண்டாவதில் பாண். மூன்றாவதில் சீனி தூவிய பணிஸ், நம் ஊர் பன். அதன்மேல் வெங்காயத் தோல்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பணிஸ் எடுக்கக் கைய விட்டா மீன் வாலு வருது!" என்றார் முதலாளியின் மனைவி, கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி. மேலே மூன்று முடிச்சுப் போட்ட நான் பையின் அடி கிழிந்திருந்ததைக் கவனித்திருக்கவில்லை.

எனக்குப் பின்னால் படியில் நின்றிருந்த கல்யாணி மெதுவாகச் சொன்னாள்: "காத்து."

"இன்னும் கீழ்ரோட்டு வீடுகளுக்குப் போகணும். இந்தக் கதை எனக்கு முன்னாடி போயிரும். இனி யாருங்க வாங்குவா?" என்றார் முத்தையா. அதில் கோபம்கூட இல்லை, கவலைதான் இருந்தது. வண்டியில் இருக்கும் அத்தனையையும் நானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். பெட்டியைக் கழுவித் தருவதாகவும் சொன்னேன். மீன் படாத பாண்கள் எங்கள் படிக்கட்டில் வரிசையாக ஏறின.

அப்போதுதான் முதலாளி தோளில் துண்டோடு வெளியே வந்தார். மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பையில் ஒட்டியிருந்த தாளைக் குனிந்து இரண்டு முறை படித்தார்.

"அப்பா, நாம ஊருக்குப் போறோமா?" என்றாள் யாழினி.

"தம்பி, இது என்னா பி.இ.?" என்றார் முதலாளி.

"படிப்பு, முதலாளி. இன்ஜினியரிங்."

"குப்பைக்கும் போடணுமா அது?"

"எல்லாத்துக்கும் போட்டுப் பழகிருச்சு."

அவருக்குச் சிரிப்பு முதலில் தோளில் வந்தது, துண்டு நழுவி விழுந்தது. "முன்னாடி இருந்தவன் ஒரு வருசமா குப்பைய அடுத்த வீட்டு வேலிக்குள்ள எறிஞ்சான். கேட்டா நான் இல்லேன்னு சத்தியம் பண்ணுவான். இவரப் பாரு, நம்பரு, பேரு, படிப்பு, எல்லாம் எழுதி ஒட்டியிருக்காரு."

"அதுக்காக?" என்றார் மனைவி, கையை இன்னும் தள்ளியே வைத்துக்கொண்டு.

"இவரு சொல்லாம ஓட மாட்டாரு. ஓடினாலும் போற எடத்து விலாசத்த எழுதி ஒட்டிட்டுத்தான் ஓடுவாரு. நீ போய்க் கையக் கழுவு. தம்பி, அந்த ஒப்பந்தத்த எடுத்திட்டு வாங்க."

கையெழுத்து வைப்பதற்கு முன் அவரே பேனாவால் ஒன்பதாவது நிபந்தனையைச் சேர்த்தார்: 'குடியிருப்பவர் பாண் வண்டியிலிருந்து எடுக்கலாம். எதையும் வைக்கக் கூடாது.' சாட்சிக்கு ஆள் தேவைப்பட்டது. பெட்டி காய்வதற்காகக் காத்திருந்த முத்தையா கையெழுத்துப் போட்டார். 11.20க்கு யாழினி பள்ளியில் சேர்ந்தாள். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் பாணும் தேங்காய்ச் சம்பலும், பாணும் பருப்பும், பாண் உப்புமாவும். (உண்மையான குப்பை வண்டி ஒரு டிராக்டர். எந்தப் பாட்டும் இல்லாமல் வந்து போகும்.)

ஒப்பந்தத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிறோம். வாடகை மாறியிருக்கிறது, நிபந்தனைகள் சில போயிருக்கின்றன. ஒன்பதாவதை எடுத்துவிடலாமே என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். முதலாளி அதை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டுக் கையெழுத்து வைப்பார். சாட்சி எப்போதும் முத்தையாதான். இந்த வருடம் அவர் சற்று நேரம் யோசித்து, நிதானமாக எழுதித் தாளை என்னிடம் தள்ளினார்.

'பொறுப்பு: எஸ். முத்தையா, பா.வ.'

"பா.வ.ன்னா என்ன?" என்றேன்.

"பாண் வண்டிங்க தொரை" என்றார். "நாங்களும் ஏதாவது போட்டுக்க வேணாமா?"