மாடி வாடகையும் என் வாயும்

தொண்ணூற்றாறில், என் நாற்பத்திரண்டாவது வயதில், வக்கீல் ஆவதென்று முடிவெடுத்தேன். உரக்கடை வேலையை உதறினேன். சென்னையில் சட்டக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்துப் பையன்கள் எழுந்து நின்றார்கள். நான் மறுக்கவில்லை.

சிக்கல் செலவில் வந்தது. ரூம் வாடகை, மெஸ் பில், வாரா வாரம் திருவண்ணாமலை வீட்டுக்கு வந்துபோகும் பஸ் சார்ஜ் எல்லாமாகச் சேர்ந்து என் சேமிப்பை இரண்டே மாதத்தில் விழுங்கிவிட்டன.

"மாடி ரூமை வாடகைக்கு விட்டுடலாம் வேதா" என்றேன் மனைவியிடம். "செங்கம் ரோட்டுல வீடு. ஆசிரமத்துக்கு வர்றவங்க க்யூவுல நிப்பாங்க. அக்ரிமெண்ட்ட நானே எழுதறேன்."

"நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள வந்தவரு மலையைச் சுத்திட்டு ஊருக்கே போயிடுவாரு. எங்கிட்ட விடுங்க."

விட்டேன். அவளுக்கு என்மேல் கடுப்பு இருந்தது வாஸ்தவம்தான். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தால் வாதாடிப் பழகுவேன். எதிர்க்கட்சி வக்கீல் அவள்தான். ரசத்தில் உப்பு கம்மி என்பதை ஒரு நாள் முக்கால் மணி நேரம் நிரூபித்தேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே வேதா என் வாயைப் பொத்தினாள்.

"ஆள் வந்துட்டாரு. பேரு தசரதன். பெங்களூர்ல ரிட்டயரான இன்ஜினியர்."

"வாடகை?"

"நீங்க சொன்னதுக்கு மேல இருநூறு ஜாஸ்தி."

"சபாஷ்!"

"ஷ்ஷ்! ஒரே கண்டிஷன். தியானம் பண்றவரு. வீட்ல பேச்சுச் சத்தம் கேட்டா அன்னைக்கே காலி பண்ணிடுவாராம்."

"அப்ப நான் எப்படி வாதாடிப் பழகறது?"

"மனசுக்குள்ள பழகுங்க. இல்லன்னா சென்னையில அன்னதானம் எங்க போடறாங்கன்னு பாத்து வெச்சுக்குங்க."

படிப்புக்காக வாயை மூடினேன். ஆறு மாதம்! உப்பே போடாத ரசத்தையும் தலையாட்டிக் குடித்தேன். தசரதன் மாடிப்படியில் எதிரே வந்தால் கும்பிடுவார். நானும் கும்பிடுவேன். ஒரு வார்த்தை கிடையாது. எப்பேர்ப்பட்ட மகான் என்று எனக்கு நெஞ்சே உருகும். கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடத்தியபோது, பழக்கதோஷம், எழுந்து நீதிபதியைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆறாவது மாதக் கடைசி ஞாயிறு தசரதன் மாடியைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பினார். வேதா ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். மனிதர் தடாலென்று என் காலில் விழுந்தார்.

"சாமி, மன்னிக்கணும். உங்க மௌன விரதத்தைக் கலைக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. இன்னைக்கு மனசு தாங்கல, பேசிட்டேன்."

என் விரதமா?

"வாரத்துல அஞ்சு நாள் மலைக்குகையில தவம், ரெண்டு நாள்தான் வீடுன்னு சொன்னாங்க. உங்க உடம்பைப் பாத்தாலே தெரியுது சாமி."

அது மெஸ் சாப்பாட்டில் இளைத்த உடம்பு.

"எனக்கு ரேடியோ அலறினாத்தான் தூக்கமே வரும். உங்களுக்காக அதையும் விட்டேன். சாமி இருக்கற வீடாச்சேன்னுதான் இருநூறு ஜாஸ்தி குடுத்தேன்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இன்றைக்கு இவளைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதில்லை என்று பாய்ந்தேன். வேதாவோடு பெட்டியும் கையுமாக ஒரு வயதான தம்பதி இறங்கினார்கள். "இவருதாங்க" என்று அவர்களிடம் என்னைக் காட்டினாள். பிறகு என் காதோரம் வந்து, "மாடிக்குத்தான். மூணு மாச மெஸ் பில்லு, அட்வான்ஸா" என்றாள்.

அந்தத் தம்பதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார்கள்.

திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு, வலது கையை உயர்த்தி இருவரையும் ஆசீர்வதித்தேன்.