கோச் சாரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி

பேசக் கூச்சப்படுகிறவர்களை முக்கியமான இடத்துக்குப் பேச அனுப்பக் கூடாது. அவர்கள் வாயைத் திறக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. திறந்துவிட்டால் உள்ளேயிருந்து என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. நான் அந்த ரகம். ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூட, வீட்டுக்கு வந்து சுவரிடம்தான் சண்டை போடுவேன்.

அப்படிப்பட்ட என்னைத்தான், பத்து வருஷத்துக்கு முன்னால், என் மகள் ஜெனி சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நாங்கள் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஜெனி வாலிபால் கற்றுக்கொண்டது பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப் கிரவுண்டில். சாயங்காலம் அவள் ஆடுவாள், நான் தண்ணீர் பாட்டிலோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். மரங்களுக்கு நடுவே விளக்கு எரிய, பந்து அடிபடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும். அவள் லிஃப்டர். அதாவது, அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். (கைதட்டல் அடிச்சவளுக்கு. நான் மட்டும் எம்பொண்ணுக்குத் தட்டுவேன், அதுவும் சத்தம் வராம.)

பக்கத்து ஊர்க் கல்லூரியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த டீம் எங்கே போனாலும் முதல் ரவுண்டிலேயே தோற்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடும். ஒரு போட்டியில் இவள் ஆட்டத்தைப் பார்த்த சென்னைக் கல்லூரி கோச் ஒருவர், "எங்க காலேஜுக்கு மாறிடும்மா, உன்னை நல்லா கொண்டு வரேன். வீட்டுல பெரியவங்களைக் கூட்டிட்டு வந்து பேசு" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. லீவு கிடைக்கவில்லை. "நீயே போய்ட்டு வா, என்னா இப்ப? பொண்ணு கூட இருக்குதே" என்றார்.

பஸ்ஸில் ஜெனி எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மா, கோச் முன்னாடி நானே பேசுனா திமிருன்னு நெனப்பாரு. நீதான் கேக்கணும். டீம்ல ஏற்கெனவே எத்தினி லிஃப்டர் இருக்காங்க? மாறி வந்தா மொத வருஷமே ஆட வுடுவாங்களா? பிராக்டீஸால கிளாஸ் போனா அட்டென்டன்ஸ் குடுப்பாங்களா? அடிபட்டா யாரு பாப்பாங்க? எங்க, சொல்லு பாப்பம்."

நான் ஜெபமாலை சொல்வது போல முணுமுணுத்துக்கொண்டே போனேன். பண்ருட்டியில் பஸ் நின்றபோது, சும்மா போனால் நன்றாக இருக்காதே என்று ஒரு பலாப்பழம் வாங்கினேன். ஜெனி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அங்கே போனால் பிராக்டீஸ் நடந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாம் பனைமரம் மாதிரி இருந்தார்கள். கோச் சார் சின்ன வயசுக்காரர், மரியாதையான மனுஷன். பலாப்பழத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வைக்க இடம் தெரியாமல் பந்துக்கூடையில் வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாப் பெண்களும் சுற்றி வந்து நின்றார்கள்.

"சொல்லுங்கம்மா. என்ன வேணும்னாலும் தயங்காம கேளுங்க."

அவ்வளவுதான். ஜெபமாலை அறுந்துவிட்டது. ஒரு மணிகூடக் கையில் இல்லை. ஜெனி என் இடுப்பில் கிள்ளினாள். அந்த வலியில் வாய் திறந்துகொண்டது.

"சார் நீங்க பர்மனென்டுங்களா, கான்ட்ராக்டுங்களா?"

எங்கள் ஊரில் இது சாதாரணக் கேள்வி. வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும், பெண் கேட்டு வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்போம். ஆனால் கூடையில் பலாப்பழம் வைத்திருக்கும் வாலிபால் கோச்சிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெண்கள் குபீரென்று சிரித்தார்கள். ஜெனி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கோச் சார் மட்டும் சிரிக்கவில்லை.

"கான்ட்ராக்ட்தாம்மா," என்றார். "இந்த வருஷத்தோட முடியுது. நீட்டிப்பாங்கன்னு பாத்துட்டு இருக்கேன்."

சிரிப்பு சட்டென்று நின்றது.

"சார், எங்ககிட்ட சொல்லவே இல்ல?" என்றாள் கேப்டன் பெண். அடுத்தவள் மூக்கை உறிஞ்சினாள். ஒருத்தி அழ, அதைப் பார்த்து இன்னொருத்தி அழ, பிராக்டீஸ் மொத்தமும் நின்றுபோனது. ஒரு நல்ல டீமை ஒரே கேள்வியில் அழவைத்த பெருமை எனக்குத்தான். பலாப்பழத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அப்போதுதான் ஜெனி துப்பட்டாவை எடுத்தாள். "சார், நீங்க இல்லன்னா என்னை ஆட வுடுவாங்களா?"

கோச் சார் கூட்டத்தில் இரண்டு பெண்களைக் காட்டினார். "இங்க ரெண்டு லிஃப்டர் இருக்காங்க. நான் இருந்தா உன்னை இறக்குவேன். புதுசா வர்றவர் இறக்குவாரான்னு நான் எப்படிம்மா சொல்றது?"

திரும்பும் பஸ்ஸில் ஜெனி விழுப்புரம் தாண்டிய பிறகுதான் வெடித்தாள்.

"நான் சொல்லிக் குடுத்தது என்னா, நீ கேட்டது என்னா? நாலு கேள்வி! ஒண்ணாச்சும் வந்துதா?"

"கிள்ளினல்ல, அதான்..."

"கிள்ளுனா இதுவா வரும்?" என்று கத்தியவளுக்குப் பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வீட்டில் கதையைக் கேட்ட அவள் அப்பா, "எந்த மைன்ஸு, எந்த ஷிஃப்டுன்னும் கேட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்றார்.

ஜெனி மாறவில்லை. பழைய டீம் பழையபடியே முதல் ரவுண்டில் தோற்றது. ஆனால் ஒரு மேட்சிலும் அவள் பெஞ்சில் உட்காரவில்லை. சென்னைக்குப் போயிருந்தால் இன்னும் பெரிய ஆளாக வந்திருப்பாளோ என்று எனக்கு இப்போதும் தோன்றும். கேட்டால், "அந்த டீம் உன்னைப் பாத்தா இன்னிக்கும் அழும், வுடு" என்பாள்.

இப்போது அவள் திருச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். தினமும் சாயங்காலம் போன் பண்ணுவேன். ஹலோ சொல்வதற்குள் அவளே சொல்லிவிடுவாள்:

"சாப்ட்டேன் மா. நல்லாருக்கேன். இன்னும் கான்ட்ராக்ட்தான்."